அடிபட்டவர் மறுபடி வேலைக்கு வரும்போது: கடலூர், புதுச்சேரித் தொழிற்கூடங்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளிலும் ஹெச்ஆர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர் ஃபிட் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், ஆள் நாளைக்கு வருகிறார். என்ன செய்வது?" இருபது முப்பது பேரை வைத்துப் பட்டறை நடத்தும் முதலாளிகளும் இதையே கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அடிபட்ட அன்றே கேட்டிருக்க வேண்டும். ஆள் வீட்டில் கிடக்கும் வாரங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே அவர் திரும்பி வந்து நிலைப்பதும், வந்த மாதமே நின்றுபோவதும் அமையும். வேலையை விட்டு விலகியிருக்கும் காலம் நீள நீள, திரும்பி வருவது கடினமாகிக்கொண்டே போகும். உடம்பு தேறிய பிறகும் இது மாறாது.

ஆகவே முதல் நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாள்

சிகிச்சைதான் முதலில். பெரிய அடி என்றால் எந்த மருத்துவமனை பக்கமோ அங்கே கொண்டு போங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருக்கிறதே என்று கோரிமேடு இஎஸ்ஐ மருத்துவமனைவரை போய்த்தான் ஆக வேண்டும் என்று நேரம் கடத்தாதீர்கள். பவர் பிரஸ்ஸில் விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனைக்கு, ஜிப்மர் மாதிரி இடத்துக்கு, உடனே கிளம்புங்கள். அந்த ஆள் நாளைக்கு எந்த வேலைக்குத் திரும்புவார் என்பது அந்தச் சில மணி நேரத்தில் பாதி முடிவாகிவிடும்.

அடுத்தது காகித வேலை. விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதுங்கள். இஎஸ்ஐக்கான விபத்து அறிக்கை படிவம் 12. அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றிவிடுங்கள். ஆள் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தகவல் போக வேண்டும். கடலூர் பக்கம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை, புதுச்சேரி என்றால் அங்குள்ள தொழிற்சாலைகள் ஆய்வகம். ஆள் ரெட்டிச்சாவடியில் குடியிருந்து கிருமாம்பாக்கத்தில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊர்களில் இது சர்வசாதாரணம். ஆய்வாளர் யார் என்பதை வேலை செய்யும் இடம் தீர்மானிக்கும். மருத்துவத்துக்கு அவர் வீட்டுப் பக்கத்து இஎஸ்ஐ மருந்தகத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

"சின்ன அடிதானே, எதற்கு ரிப்போர்ட்" என்று விடுவது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். இன்றைக்கு மூன்று தையலோடு போனது, இரண்டு வாரம் கழித்துச் சீழ் பிடித்து விரல் மடங்காமல் போகலாம். அன்றைக்கு அறிக்கை இல்லையென்றால் அது வேலையில் பட்ட அடி என்று நிரூபிக்க அந்தத் தொழிலாளி அலைய வேண்டியிருக்கும். வேலைக்கு வரும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ இசிஆரில் பைக்கில் விழுந்தாலும், வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பு இருந்தால் அதுவும் வேலைக் காயம்தான். 2010-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இஎஸ்ஐ அதை ஏற்கிறது. அதையும் பதிவு செய்யுங்கள்.

இவ்வளவும் நடக்க, ஆள் முன்பே இஎஸ்ஐயில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் எல்லாரும் இதில் வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அடிபட்ட பிறகு ஓடிப் போய்ப் பதிவது ஊழியருக்கும் உங்களுக்கும் வம்பு.

வீட்டில் இருக்கும் வாரங்கள்

யாராவது ஒருவர் மட்டும் பேசுங்கள். சூப்பர்வைசர், ஹெச்ஆர், முதலாளியின் மைத்துனர் என்று ஆளாளுக்கு ஃபோன் செய்தால், "எப்ப வருவே" என்ற ஒரே கேள்விதான் வீட்டுக்குள் திரும்பத் திரும்பக் கேட்கும். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அந்தச் சந்திப்பில் திரும்பி வரும் தேதியைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் மனதில் இருப்பது இரண்டு பயங்கள்: வேலை போய்விடுமா, இந்த மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது. இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.

முதல் பயத்துக்கு: சிகிச்சையில் இருந்து, தற்காலிக ஊனப் பணமோ நோய்க்காலப் பணமோ வாங்கிக்கொண்டிருக்கும் ஆளை நீக்குவதையும் தண்டிப்பதையும் இஎஸ்ஐ சட்டம் 73-ஆம் பிரிவில் தெளிவாகவே தடுத்தது. இதை முதலாளிக்கும் சொல்லி வையுங்கள். இரண்டாவதற்கு: வேலையில் பட்ட அடிக்கு இஎஸ்ஐ சராசரி தினக்கூலியில் 90 சதவீதத்தைத் தற்காலிக ஊனம் தீரும்வரை தருகிறது. சாதாரண நோய்க்கு 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். அதற்குக் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வேலைக் காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கிடைக்கும். படிவம் 12 எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும். அது இல்லாவிட்டால் 90 சதவீதம் கிடைக்க வேண்டிய ஆள் 70-இல் நிற்பார், அல்லது ஒன்றுமே இல்லாமல் நிற்பார்.

பணம் தானாக வராது. இஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்றிதழ்கள் இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும், வங்கிக் கணக்கு விவரம் சரியாக இருக்க வேண்டும். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இதற்கெல்லாம் அலைய முடியாத ஆளுக்கு, கம்பெனியிலிருந்து ஒருவர் கூடப் போனால் அதுவே பெரிய உதவி.

இங்கே புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, விளைவோ பெரியது. மாதாந்தர இஎஸ்ஐ சந்தா ஏற்றும்போது, அந்த மாதம் வேலை செய்யாதவருக்குப் பூஜ்ஜியம் நாள் என்று போட்டு ஒரு காரணம் தேர்வு செய்யச் சொல்லும். அவசரத்தில் 'வேலையை விட்டுவிட்டார்' என்பதைத் தேர்ந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், உங்கள் பதிவுகளின்படி வேலையில் இல்லாதவர் ஆகிவிடுவார். 'விடுப்பில் உள்ளார்' என்பதே சரி. கணக்குப் பார்ப்பது வெளி ஆடிட்டர் அலுவலகம் என்றால், அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் இதை எழுதியே அனுப்புங்கள்.

டாக்டரிடம் போகும்போது

"லேசான வேலை பார்க்கலாம்" என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஒரு சூப்பர்வைசருக்கு அது பேக்கிங், இன்னொருவருக்குப் பத்து கிலோ மூட்டை. இந்த இரண்டு வார்த்தையை நம்பி ஆளை வேலையில் விடாதீர்கள். டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் உங்கள் ஷெட்டைப் பார்த்ததில்லை. அதனால் அந்த ஆளின் வேலையை ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். எத்தனை மணி நேரம் நிற்கிறார், எவ்வளவு எடை தூக்குகிறார், எத்தனை முறை, தரையிலிருந்தா மேசையிலிருந்தா, ஏணி ஏறுகிறாரா, இரண்டு கையும் வேண்டுமா, பிடிப்பு எவ்வளவு வேண்டும், பாய்லர் பக்கமா, எந்த ஷிஃப்ட், வேலைக்கு எப்படி வருகிறார் என்பதையெல்லாம் எழுதுங்கள். நேரடியான தமிழில் எழுதினாலே போதும்.

கீழே இந்தக் கேள்விகளையும் சேருங்கள்:

– எத்தனை கிலோ வரை தூக்கலாம், எந்தக் கையால்?
– தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கலாம், உட்காரலாம்?
– ஓடும் மெஷின் பக்கத்தில் வேலை செய்யலாமா? சாப்பிடும் மாத்திரை தூக்கம் தருமா?
– பைக் ஓட்டலாமா?
– நைட் ஷிஃப்ட் சரிப்படுமா?
– இந்தக் கட்டுப்பாடு எந்தத் தேதிவரை, மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. தேதி போடாத கட்டுப்பாடு இரண்டு விதமாகக் கெடும். ஒன்று பத்து நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், இல்லையென்றால் இரண்டு வருடமானாலும் அவர் 'லேசான வேலை' ஆளாகவே இருப்பார். என்ன நோய், என்ன ஸ்கேன் என்ற விவரமெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. அவரால் என்ன செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது என்பது மட்டும் போதும். அதையும் யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

காயத்துக்குக் காயம் பார்வை மாறும். முதுகு வலி என்றால் வலி முழுக்கப் போகும்வரை படுத்திருப்பதைவிட, டாக்டர் சரி என்று சொன்னதும் எடை தூக்காத வேலையில் நடமாடத் தொடங்குவதே பொதுவாக நல்லது. தீக்காயத்துக்கு அப்படி நினைக்க முடியாது. தோல் ஒட்டுப் போட்ட இடத்தில் வியர்வைச் சுரப்பி இருக்காது, பெரிய தீக்காயம் ஆறியவருக்குச் சூடு தாங்காது. சிப்காட் ரசாயன ஆலையில் அப்படி அடிபட்டவரை கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் திரும்ப நிறுத்தினால் மயங்கி விழக்கூடும். நசுங்கிய கைக்குத் தையல் பிரித்த பிறகுதான் உண்மையான சிகிச்சையே தொடங்குகிறது. பிசியோதெரபி நாட்களுக்கு ஷிஃப்ட்டில் இடம் விட வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

மாற்று வேலை என்பது எது

இடைக்கால மாற்று வேலை நிஜமான வேலையாக இருக்க வேண்டும். பல ஆலைகளில் பழக்கம் என்னவென்றால், அடிபட்டவரை கேட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைப்பது. பத்து வருடம் பிரஸ் ஓட்டியவர் நாள் முழுக்க லாரி நம்பர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட வேலை செய்பவர்கள் "உனக்கென்னப்பா, ராஜா மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது அவர் மனதை அரிக்கும். மூன்று வாரத்தில் அவரே வேண்டாம் என்று போய்விடுவார், கையைவிட இதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

அவருடைய அனுபவத்தைப் பயன்படுத்தும் வேலையைத் தேடுங்கள். பிரஸ் ஆபரேட்டர் என்றால் முதல் பீஸ் சரிபார்ப்பது, கேஜ் வைத்து அளப்பது, புதுப் பையன்களுக்கு டை (பிரஸ்ஸின் அச்சு) மாற்றக் கற்றுத்தருவது, டை ரேக்கை ஒழுங்குபடுத்திப் பட்டியல் எடுப்பது. வெல்டர் என்றால் டிராயிங் பார்த்து மெட்டீரியல் கணக்குப் போடுவது, வெல்டைச் சோதிப்பது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்திருந்தால், தோல் ஆறும்வரை பருப்புத் தரம் பிரிக்கும் இடத்துக்கு மாற்றலாம், அங்கே அந்த எண்ணெய் கையில் படாது. இப்படி ஒவ்வொரு பிரிவிலும் நான்கைந்து வேலைகளை, யாரும் அடிபடாத காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட அன்றைக்கு யோசித்தால் கேட் நாற்காலிதான் ஞாபகம் வரும்.

மாற்று வேலைக்கும் முடிவுத் தேதி உண்டு. முதல் வாரம் இது, மூன்றாம் வாரம் இது, ஆறாம் வாரம் பழைய மெஷினில் பாதி நேரம் என்று ஒரு தாளில் எழுதி அவரும் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போடட்டும். வாரம் ஒரு முறை உட்கார்ந்து அதைப் பாருங்கள். கை வீங்கினால் ஒரு படி பின்னால் போகலாம், அதில் தவறில்லை.

காசுக் கணக்கு

நல்ல மனதோடு செய்யும் ஏற்பாடுகளும் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. இஎஸ்ஐயில் பாதி நாள் வேலை, பாதி நாள் ஊனப் பணம் என்ற ஏற்பாடு கிடையாது. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யும் நாளுக்குத் தற்காலிக ஊனப் பணம் வராது. டாக்டர் இறுதிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு அனுப்பிய பிறகே ஆளைக் கூப்பிட வேண்டும். அதற்கு முன் "சும்மா வந்து உட்காருப்பா" என்று கூப்பிட்டு ரொக்கமாகக் கொடுப்பது அவருடைய பணத்துக்கும் உலை வைக்கும், உங்களுக்கும் சிக்கல்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவருடைய சராசரி தினக்கூலி 600 ரூபாய். வீட்டில் இருக்கும்போது இஎஸ்ஐ ஒரு நாளைக்கு 540 தருகிறது. டாக்டர் அனுப்பியதும் அவரைத் தினம் நாலு மணி நேரத்துக்கு மட்டும் வரச் சொல்லி, பாதிக் கூலி 300 கொடுக்கிறீர்கள். நன்றாகத் தேறி வேலைக்கு வந்ததற்காக அவருக்கு நாளுக்கு 240 ரூபாய் நஷ்டம், அதில் பஸ் காசு வேறு. இப்படி இருந்தால் யார் சீக்கிரம் வர ஆசைப்படுவார்? அதனால் நேரம் குறைத்து வேலை கொடுக்கும் வாரங்களுக்கு முழுக் கூலி கொடுங்கள். நான்கு வாரம் பாதி நேரத்துக்கு முழுக் கூலி கொடுப்பது, பழகிய ஆபரேட்டரை இழந்து புதியவரைப் பழக்கும் செலவைவிடக் குறைவு. முதலாளியிடம் பேசும்போது இந்தக் கணக்கைத் தாளில் போட்டே காட்டுங்கள்.

பீஸ் ரேட் ஆட்களுக்கு, அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு, இன்னும் கவனம் வேண்டும். கை மெதுவாகப் போகும் நாட்களில் அவர் கூலியும் விழும். கூலிக்காக அவர் வேகத்தைக் கூட்டுவார், காயம் மறுபடி திறக்கும். அடிபடுவதற்கு முந்தைய மாதங்களின் சராசரியை அந்த வாரங்களுக்கு உறுதி செய்யுங்கள். ஓவர்டைமும் உற்பத்தி போனஸும் கிடைக்காமல் போவதையும் முன்கூட்டியே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், சம்பள நாளன்று கவரைப் பிரிக்கும்போது அவர் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இஎஸ்ஐ இல்லாத சின்ன இடம்

ஆறு ஏழு பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் வழிமுறை பொருந்தும். அதில் தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதக் கூலியில் 25 சதவீதம் முதலாளியே தர வேண்டும், மருத்துவச் செலவும் அவருடையது. மாதம் 12,000 வாங்கியவருக்கு அரை மாதத்துக்கு 3,000 என்றால் குடும்பம் ஓடாது, முடிந்தவரை மேலே சேர்த்துக் கொடுங்கள். வெள்ளைத் தாளில் "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவது செல்லாது. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது முதலாளிக்கே பாதுகாப்பு. இந்தச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன, எனவே ஒவ்வொரு விபத்துக்கும் நடப்புப் படிவத்தைச் சரிபார்த்து நிரப்புங்கள்.

திரும்பி வரும் நாள்

அவர் வருவதற்கு முன்பே, அடிபட்ட மெஷினைச் சரிசெய்திருக்க வேண்டும். கழன்றுபோன பாதுகாப்பு மறைப்பு (கார்டு) அப்படியே கிடக்க, அதே பிரஸ் முன்னால் அவரை நிறுத்துவது கொடுமை. சரிசெய்ததை அவருக்கே இயக்கிக் காட்டுங்கள். சிலர் அந்தச் சத்தம் கேட்டாலே வெளிறிப் போவார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வது சூப்பர்வைசர் பொறுப்பு. முதலில் தள்ளி நின்று பார்க்கட்டும், அப்புறம் மெஷினை ஓட்டாமல் பக்கத்தில் நிற்கட்டும், பிறகு இன்னொருவர் துணையோடு இயக்கட்டும். வாரங்கள் கழித்தும் பயம் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், இதுவும் காயத்தின் ஒரு பகுதிதான்.

கூட வேலை செய்பவர்களிடம் சூப்பர்வைசர் முந்தின நாளே பேச வேண்டும். "இன்னார் நாளைக்கு வர்றார், ஆறு வாரம் எடை தூக்க மாட்டார், அது டாக்டர் சொன்னது" என்று சொன்னால் போதும். காலில் அடிபட்டவர் பைக் ஓட்ட முடியாது என்றால் கடலூர்–புதுச்சேரி பஸ் நேரத்துக்கு ஏற்றபடி அவர் ஷிஃப்ட்டை அரை மணி தள்ளிப் போடுங்கள்.

பழைய வேலைக்கே போக முடியாதவர்

சிலருக்குப் பழைய கை திரும்பாது. அப்போது இஎஸ்ஐ மருத்துவ வாரியம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிருக்கிறது என்று சதவீதம் போடும். கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 என்று அட்டவணையே உண்டு. அதன்படி நிரந்தர ஊனப் பணம் ஆயுள் முழுக்க வரும். வேலைக்குத் திரும்பினால் இது நின்றுவிடும் என்று பல தொழிலாளர்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தப் பணம் நிற்காது, சம்பளமும் வாங்கலாம், இதுவும் வரும். இந்த ஒரு தகவலை நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாலே ஒருவர் வேலைக்குத் திரும்பக்கூடும்.

ஊனமானவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்குத்தான். ஆனால் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால், அதில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகளின் பட்டியலும் இருக்க வேண்டும். மாற்று வேலைகளுக்கு நீங்கள் எழுதி வைத்த பட்டியலையே இதற்கும் அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். நிரந்தர மாற்று வேலைக்குப் போகிறவரின் கூலியைக் குறைக்காமல் இருக்க முதலாளியிடம் பேசுங்கள்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். அவர்களுடைய இஎஸ்ஐக்கு முதன்மைப் பொறுப்பு காண்ட்ராக்டருக்கு இல்லை, ஆலை நடத்தும் உங்களுக்கே. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் அடிபட்டதும் ஊருக்குப் போய்த் தேற விரும்புவார், போகட்டும். அவர் ஐபி நம்பர் (இஎஸ்ஐ காப்பீட்டு எண்) அங்குள்ள இஎஸ்ஐ மருந்தகத்திலும் செல்லும், சிகிச்சையும் சான்றிதழும் அங்கேயே வாங்கலாம். ரயில் ஏறுமுன் அவர் ஊர்ப் பக்கத்து மருந்தகத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூடவே அவர் மொழி பேசத் தெரிந்த உங்கள் ஆள் ஒருவரின் ஃபோன் நம்பரையும் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அந்த ஆளையே அழைத்து விசாரிக்கச் சொல்லுங்கள்.